இடது காதின் படம்

எக்ஸ்ரே இருட்டறையில் இருபத்திரண்டு வருடம் படம் கழுவியவன் நான். வேலையை விட்ட பிறகும் விரல் நகங்களில் பழுப்பு போகவில்லை. "என்னண்ணே, வெத்தலையா, சிகரெட்டா?" என்று கேட்பவர்களுக்கு முன்பெல்லாம் பொறுமையாக விளக்கம் சொல்வேன். இப்போது "ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுப்புதான் மிச்சம். சொல்ல வேண்டிய ஒரே ஒரு விளக்கத்தை, சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லாமல் வருடக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த ஆள் என் அக்கா. விஷயம் அவளுடைய இடது காது.

ஈப்போவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எழுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். படம் எடுப்பது என் வேலை இல்லை. அதற்குப் படித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் எடுத்து அனுப்பும் படத்தை இருட்டறையில் பெட்டியிலிருந்து பிரித்து, கம்பிச் சட்டத்தில் மாட்டி, முதலில் டெவலப்பர் தொட்டி, பிறகு தண்ணீர், பிறகு ஃபிக்சர் தொட்டி, மறுபடி தண்ணீர் என்று முக்கி எடுப்பதுதான் என் வேலை. ஒரு சின்னச் சிவப்பு பல்பு. புளித்த நெடி. காலையில் உள்ளே போனால் மத்தியானச் சோற்றுக்கு வெளியே வரும்போது வெயிலில் கண் கூசும்.

படத்தைப் பார்த்து நோய் சொல்ல எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது படங்கள் கையிலிருந்து சொட்டச் சொட்ட வெளிச்சத்துக்கு வந்தால், எவனுக்குத்தான் கொஞ்சம் தலைக்கனம் வராது? எனக்கு வந்தது. நானே இரண்டு சட்டம் போட்டு வைத்திருந்தேன். நெஞ்சுப் படத்தில் கறுப்பு நல்லது, வெள்ளைத் திட்டு கெட்டது. எலும்புப் படத்தில் வெள்ளை நல்லது, கறுப்பு ஓட்டை கெட்டது. இந்த இரண்டை வைத்துக்கொண்டே நான் அரை டாக்டர் ஆகிவிட்டேன். ரப்பர் தோட்டங்களிலிருந்து வரும் தமிழ் ஆட்கள் பெரிய டாக்டரிடம் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர் என்ன கேட்டாலும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து என்னைத் தேடுவார்கள். "அண்ணே, நம்ம படத்தப் பாத்தீங்களா? எப்படி இருக்கு?" நானும் பார்த்ததைச் சொல்வேன். பெரும்பாலும் சரியாகவே இருந்து தொலைத்தது. அதுதான் கேடு.

நாங்கள் பிறந்து வளர்ந்தது சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா, அம்மா இருவரும் சீக்கிரமே போய்விட்டார்கள். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பதினான்கு வயதில் உளியை எடுத்துக்கொண்டு, பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் பால்மரம் வெட்டு வேலைக்குப் போனவள், என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்க விடவில்லை. "ஒருத்தன் வெயில்ல காயறது போதும்லா, நீ நெழல்ல வேல பாரு" என்பாள். நிழலில் என்ன, கும்மிருட்டிலேயே வேலை கிடைத்தது.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காதில் சீழ் வடியும். தோட்டத்தில் அது ஒரு நோயாகவே கணக்கில்லை. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை வெதுவெதுப்பாக ஊற்றுவார்கள். தோட்டத்து மருந்தகத்து டிரெசர் ஒரு குப்பியில் சொட்டு மருந்து கொடுப்பார். வடிந்தால் பஞ்சு, நின்றால் பஞ்சு இல்லை. அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் அந்தச் சீழுக்கு ஒரு நாற்றம் உண்டு. செத்த எலியின் நாற்றம் என்று சொன்னால் அவள் அடிக்க வருவாள், ஆனால் அதுதான் உண்மை. எங்கே உட்கார்ந்தாலும் இடது பக்கம் சுவர் இருக்கும்படி பார்த்து உட்காருவாள். பெண் பார்க்க இரண்டு முறை வந்தார்கள். இரண்டு முறையும் மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். இரண்டு முறையும் பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். மூன்றாவது முறை வேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டாள். அவளை வீட்டில் வைத்துக்கொண்டு நான் எங்கே கல்யாணம் பண்ணுவது? நானும் பண்ணிக்கொள்ளவில்லை.

"ஊத்துனா ஊத்திட்டுப் போவட்டும், கேக்குதுலா" என்பது அவள் வழக்கமான பதில். அது நிஜம். அந்தக் காதில் அவளுக்கு நன்றாகவே கேட்கும். லயன் வீட்டு வரிசையின் கோடியில் யாராவது அவளைப் பற்றிப் பேசினால், பஞ்சு வைத்த காதிலேயே கேட்டுவிட்டுச் சண்டைக்குப் போவாள்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் இருக்கும். கெஞ்சிக் கூத்தாடி அவளை ஈப்போவுக்கு வரவழைத்தேன். காது டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, செவிப்பறையின் மேல் ஓரத்தில் ஓட்டை இருக்கிறது, படம் எடுத்துக்கொண்டு மூன்று வாரம் கழித்து வரட்டும் என்று எழுதிக் கொடுத்தார். படம் எடுத்தது ஒரு மலாய் அக்கா. என் அக்காவை மேஜையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, காது மடலை முன்பக்கமாக மடித்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். மடலின் நிழல் எலும்பின் மேல் விழக் கூடாது, அதற்காக. முதலில் ஒரு பக்கம், பிறகு மறு பக்கம். "என்னடா இது, ஆட்டுக்குக் காது மடிக்கிற மாதிரி மடிக்கிறாங்க" என்று அக்கா படுத்தபடியே சிரித்தாள். அசையாமல் இருக்கச் சொல்லி அந்த மலாய் அக்கா அதட்டினார்.

கழுவியது நான்தான். சிவப்பு வெளிச்சத்தில் படம் மெல்ல மேலே வந்தது. தண்ணீர் சொட்ட எடுத்து விளக்குப் பெட்டியின் முன் பிடித்தேன். வலது காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு முழுக்கப் பொடிப்பொடியாகக் கறுப்பு ஓட்டைகள். இடது பக்கமோ ஒரே வெள்ளை, கெட்டியாக, பளிங்கு மாதிரி. நடுவில் பாசிப்பயறு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. அது காதுத் துவாரமாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எலும்பு என்றால் வெள்ளை நல்லது, ஓட்டை கெட்டது. என் சட்டம் அதுதானே! ஐயோ, நல்ல காதைப் பூச்சி அரித்துவிட்டதே என்று ஒரு நிமிடம் பதறினேன். பிறகு, அதில்தான் சீழ் வரவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"இடது காது எலும்பு சும்மா கல்லு மாதிரி இருக்குக்கா. ஒரு கெடுதலும் இல்ல. சீழு மேலோட்டமாத்தான் வருது. வலது பக்கம்தான் கொஞ்சம் ஓட்டையா தெரியுது, அதுவும் பயப்படுற மாதிரி இல்ல."

"அப்போ மூணு வாரம் கழிச்சு மறுபடியும் வரணுமா?"

வருவதென்றால் விடியுமுன் கிளம்ப வேண்டும், இரண்டு பஸ் மாற வேண்டும், அன்றைய வேலை போய்விடும். அவள் முகத்தில் அந்த அலுப்பு தெரிந்தது. நான் வாய் கூசாமல் சொன்னேன். "எதுக்கு? அதான் நான் பாத்துட்டேன்லா. மருந்து ஊத்து, போதும்."

அவள் அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். மூன்று வாரம் கழித்து வரவில்லை. வராதவர்களை யாரும் தேடிப்போவதில்லை. படம் அதன் உறைக்குள், உறை அலமாரிக்குள் போனது.

தோட்டத்தில் அவள் "எங்க தம்பி பாத்துட்டான்" என்று ஒருத்தர் விடாமல் சொல்லியிருக்கிறாள். அந்தத் தீபாவளிக்கு நான் போனபோது, பலகாரத் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் முழங்காலைக் காட்டி வைத்தியம் கேட்டார்கள். அக்காவோ வலது காதைத் துண்டால் சுற்றிக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனாள். "அதுதான் ஓட்டைன்னு சொன்னே, காத்து உள்ள போயிடுச்சின்னா?" நல்ல காதுக்கு இந்த ராஜ உபசாரம். கெட்ட காதுக்கு அதே பழைய பஞ்சு.

மூன்று வருடம் போனது. காது வைத்தியத்துக்கு ஒரு புது நிபுணர் வந்தார், சீனர். சத்தமில்லாமல் பேசுவார், ஆனால் யாராவது கேட்டால் சலிக்காமல் விளக்குவார். ஒரு நாள் பயிற்சிக்கு வந்தவர்களை விளக்குப் பெட்டியின் முன் நிறுத்தி ஒரு காதுப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் ஈரப் படங்களோடு அந்தப் பக்கம் போனேன். அவர் ஆங்கிலத்தில்தான் பேசினார். அக்கா படிக்க வைத்த ஆங்கிலம், எல்லாம் புரிந்தது.

காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு ரொட்டி மாதிரி இருக்க வேண்டும் என்றார். உள்ளே பொடிப்பொடியாக ஓட்டைகள், அவற்றில் காற்று. அதுதான் ஆரோக்கியமான எலும்பு. சின்ன வயதிலிருந்து சீழ் பிடித்த காதில் அந்த ஓட்டைகள் வளராமலே எலும்பு வெள்ளையாக இறுகிவிடும். அந்த வெள்ளைக்கு நடுவே ஓரம் சுத்தமாக ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தால் கவனம். செவிப்பறையின் தோல் உள்ளே மடிந்து, மூட்டை கட்டி வளர்கிறது என்று அர்த்தம். புற்றுநோய் இல்லை, ஆனால் பக்கத்தில் இருக்கும் எலும்பைத் தின்றுகொண்டே போகும். கேட்கும் எலும்பு, தலை சுற்றாமல் நம்மை நிறுத்தி வைக்கும் குழாய், முகத்தை அசைக்கும் நரம்பு, மேலே மூளை, எல்லாம் அந்தச் சின்ன இடத்தில்தான் இருக்கின்றன என்றார். நாற்றமடிக்கும் சீழ் வந்தால் இதைச் சந்தேகப்படுங்கள் என்றார்.

என் கையிலிருந்த படத்திலிருந்து தண்ணீர் சப்பாத்தின் மேல் சொட்டிக்கொண்டே இருந்தது.

மத்தியானம் சோற்றுக்குப் போகவில்லை. அலமாரியைக் குடைந்து அக்காவின் உறையை எடுத்துப் பார்த்தேன். நான் காதுத் துவாரம் என்று தள்ளிய பாசிப்பயறு அங்கேயே இருந்தது, ஓரம் சுத்தமாக, வட்டமாக. அந்த உறையைச் சட்டைக்குள் வைத்து என் வாடகை அறைக்குக் கொண்டுபோனேன். செய்யக் கூடாத காரியம். டிரங்குப் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன். அக்காவிடம் காட்டுவதற்கு என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். காட்டுவதற்கு வைக்கிற பொருளை யாராவது வேட்டிக்கு அடியில் வைப்பார்களா?

அடுத்த வாரமே போய் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். போகவில்லை. தீபாவளி வரட்டும் என்றிருந்தேன். தீபாவளி வந்தது.

"அக்கா, புது டாக்டரு வந்திருக்காரு. ஒரு தடவ காதக் காட்டிரலாம்."

"நீதான் நல்லா இருக்குன்னு சொன்னியே?"

"நல்லாத்தான் இருக்கு. சும்மா ஒரு தடவ…"

"சும்மா பாக்குறதுக்கு ஒரு நாள் வேலைய விட்டுட்டு வரணுமா? போடா, ஒனக்கு வேற வேல இல்ல."

அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. நான் சொல்லிவிட்டேன், அவள் கேட்கவில்லை, என் மேல் குற்றம் இல்லை என்று பஸ்ஸில் திரும்பும்போது சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த லட்சணத்தில் மேலும் இரண்டு தீபாவளி போனது. ஒவ்வொரு முறையும் அதே பேச்சு, அதே பதில், அதே நிம்மதி.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு திங்கள்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அறை வாசலில் அக்கா நின்றாள். அவளாகவே இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். கதவுச் சட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். இடது கண் மூடவில்லை. வாய் வலது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

"டே தம்பி, வாயி கோணிக்கிச்சுடா. வாய் கொப்புளிச்சா தண்ணி ஒழுவுது. பஞ்சு வைக்கக் காத அமுக்குனா தல கிறுகிறுன்னு சுத்துது. நேத்து மரத்தடியிலயே உழுந்துட்டேன். சூடு புடிச்சிருக்கும்லா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். "அட, இதுக்கு ஏன்டா அழுவுற?" என்று அவள் என்னைத் தேற்றினாள். அந்தக் கோணல் வாயால்!

அந்தச் சீன டாக்டர் அவளை உட்கார வைத்து, இடது காதின் வாயை ஒரு விரலால் அமுக்கினார். அக்காவின் கண்கள் இரண்டும் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி ஓடின. அவள் அவருடைய வெள்ளைக் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் உடனே விரலை எடுத்துவிட்டார், முகம் மாறிவிட்டது. படம் எடுக்கச் சொன்னார். அதையும் நானே கழுவினேன். பாசிப்பயறு இப்போது கட்டைவிரல் நகம் அளவுக்கு ஆகியிருந்தது. தலையைத் துண்டு துண்டாக வெட்டினாற்போல் படம் காட்டும் புது மெஷின் கோலாலம்பூரில் வந்திருக்கிறது, ஆனால் முகம் இப்படி இருக்கும்போது காத்திருக்க முடியாது, இந்த வாரமே ஆப்பரேஷன் என்றார். பிறகு அவள் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். முன்பே ஒரு படம் எடுத்ததாக எழுதியிருக்கிறதே, அது எங்கே?

காணவில்லை என்று சொல்லியிருக்கலாம். பழைய படங்கள் எத்தனையோ காணாமல் போகும், யாரும் கேட்க மாட்டார்கள். நாக்கு நுனி வரை வந்தது. "தேடி எடுத்து வாரேன் டாக்டர்" என்றேன். மோட்டார் சைக்கிளில் அறைக்குப் போய் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தேன். இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். அந்த நேரம் பார்த்து இருட்டறையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். ஓடிவிட்டேன். கூப்பிடாவிட்டாலும் ஓடியிருப்பேன்.

அரைமணி கழித்துத் திரும்பி வந்தபோது அக்கா வெளியே உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"வெட்டிச் சுத்தம் பண்ணணுமாம். சரின்னுட்டேன்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆப்பரேஷன் அன்று உட்கார்ந்திருக்க முடியாமல் போய்ப் படம் கழுவினேன். வேறு யாருடையவோ இரண்டு படங்களை வெளிச்சத்தில் திறந்து பாழாக்கினேன். சாயங்காலம் டாக்டரே இருட்டறை வாசலுக்கு வந்தார். நான் ஆஸ்பத்திரி ஆள் என்பதால் அந்த மரியாதை. ஒரு காலி உறையின் பின்பக்கம் பேனாவால் வரைந்து காட்டினார்.

உள்ளே முத்து நிறத்தில் ஒரு மூட்டை, வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காகத் தோல். படத்தில் தெரிந்ததைவிட உள்ளே அது பெரிதாக இருந்ததாம். செவிப்பறைக்கு மேலே கூர்மையாக நிற்க வேண்டிய எலும்பு விளிம்பு மழுங்கிப் போயிருந்தது. கேட்கும் எலும்புகள் மூன்றில் நடு எலும்பு சுத்தமாக இல்லை. முதல் எலும்பில் பாதி இல்லை. மூன்றாவதில் அடிப்பலகை மட்டும் மிச்சம். தலை சுற்றாமல் வைக்கும் குழாயின் மேல் எலும்பில் ஊசிக்கண் அளவு ஓட்டை. முக நரம்பு உறை இல்லாமல் வெறுமனே கிடந்தது. மேலே ஓர் இடத்தில் எலும்பே இல்லாமல் மூளையின் சவ்வு தெரிந்தது. இன்னும் சில மாதம் போயிருந்தால், என்று தொடங்கியவர் முடிக்காமல் பேனாவை மூடினார். எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது, உயிருக்குப் பயமில்லை, முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்றார்.

"காது கேக்குமா டாக்டர்?"

இனி அந்தக் காது கேட்காது என்றார். ஆப்பரேஷனுக்கு முன்னால் கேட்டதாமே, அதுதான் அவருக்கே வியப்பு. கரைந்துபோன எலும்பின் இடத்தில் அந்த மூட்டையே உட்கார்ந்துகொண்டு சத்தத்தை உள்ளே கடத்தியிருக்கிறது. அதை எடுத்தாகிவிட்டது, இப்போது கடத்த ஒன்றுமில்லை. சில வருடம் முன்பே வந்திருந்தால் எலும்பைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு உண்டு என்றார். என்னைக் குறை சொல்லும் தொனி அதில் இல்லை. நான் "ஆமாம் டாக்டர்" என்றேன். அவர் போன பிறகு சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டு உள்ளே நின்றேன்.

கட்டுப் பிரித்த அன்று அக்கா இடது காதுக்குப் பக்கத்தில் விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். மறுபடி தேய்த்தாள். சொடுக்கினாள்.

"முன்னாடி கேட்டுச்சேடா."

டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். அந்தச் சனியன்தான் இத்தனை நாளும் சத்தத்தைக் கடத்தியது என்றேன். அவள் இன்னொரு தடவை சொடுக்கிப் பார்த்தாள். பிறகு, "அப்போ தின்னதுக்கு வேல செஞ்சிருக்கு. பாவம்லா" என்றாள். சிரித்தபோது பாதி வாய்தான் மேலே போனது.

தோட்டத்துக்கு அவள் திரும்பிப் போகவில்லை. அங்கே ரப்பர் மரங்களையும் வெட்டிச் சாய்த்து எண்ணெய்ப்பனை நட ஆரம்பித்திருந்தார்கள். ஈப்போவிலேயே குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இருவரும் குடியிருந்தோம். ஒரு வருடத்தில் முகம் முக்கால்வாசி திரும்பியது. கண் மட்டும் தூங்கும்போது கொஞ்சம் திறந்தே இருக்கும். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனாள். மெஷின் இரைச்சலில் மற்ற பெண்கள் காதைப் பொத்தும்போது, "எனக்குப் பாதிச் சத்தந்தான்" என்று பெருமை அடித்துக்கொள்வாளாம். குடைந்து எடுத்த காதில் அழுக்குச் சேரும், நாலு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் உறிஞ்சி எடுக்க வேண்டும், ஆயுசுக்கும். ஒவ்வொரு முறையும் நானே கூட்டிப் போவேன்.

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். ஒருமுறை மோட்டார் சைக்கிளில் அவளைப் பின்னால் உட்கார வைத்துப் போகும்போது, "அன்னிக்கு நாந்தான்க்கா தப்பா சொல்லிட்டேன்" என்று காற்றில் சொன்னேன். "என்னடா?" என்று வலது காதை முன்னால் நீட்டினாள். "மழ வர மாதிரி இருக்குன்னேன்" என்றேன். அதற்குப் பிறகு அந்த அளவுக்குக்கூடத் துணிச்சல் வரவில்லை. ராத்திரிச் சோற்றுக்கு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது அந்தப் பாதி மூடாத கண் என்னையே பார்ப்பது போல இருக்கும். அலுத்துப்போயிற்று. பொய் சொல்கிற அலுப்புகூட ஒரு நாள் தீரும், சொல்லாமல் இருக்கிற அலுப்பு தீருவதே இல்லை.

ஆப்பரேஷன் நடந்து ஆறு வருடம் இருக்கும். வழக்கம்போல் காது கிளினிக் வாசலில் எங்கள் நம்பருக்குக் காத்திருந்தோம். அவளுடைய தடித்த ஃபைல் என் மடியில் இருந்தது. அதுவரை நான் அதைத் திறந்ததே இல்லை. உள்ளே என் பெயர் இருக்குமோ என்று பயம். அன்று என்னவோ, கை தானாகத் திறந்தது. ஆப்பரேஷனுக்கு முந்திய பக்கத்தில் டாக்டரின் பொடி எழுத்து. பழைய படத்திலேயே நோய் தெளிவாகத் தெரிகிறது, நோயாளியிடம் இரண்டு படங்களையும் காட்டி மலாயில் விளக்கினேன் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொரு வரி. அன்று ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்டதற்கு, பயந்துபோய் வரவில்லை என்கிறார்.

நான் அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். பயமா? அக்காவுக்கா? மரத்தடியில் நல்ல பாம்பைப் பார்த்தால் உளியால் ஓட்டுகிறவள் அவள்.

அவளுக்கு இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து சுற்றிப் போய் வலது பக்கம் உட்கார்ந்தேன்.

"அக்கா. மொத தடவ எடுத்த படத்துலயே சீக்கு இருந்துச்சு. எனக்குப் பாக்கத் தெரியல. தப்பா சொல்லி ஒன்ன வரவேணாம்னு நாந்தான் அனுப்புனேன். பொறவு தெரிஞ்சுச்சு. தெரிஞ்சும் ஆப்பரேஷன் வரைக்கும் மூணு வருசம் சொல்லல."

அவள் கதவின் மேல் மாறும் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்லா. டாக்டரு அன்னிக்கே ரெண்டு படத்தயும் காட்டிட்டாரு."

"அப்புறம் ஏன்க்கா என்னய ஒண்ணும் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். ஆறு வருசம் ஆகும்னு யாரு கண்டா?"

ஃபைலில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன். "இதுல பயந்து வரலன்னு எழுதியிருக்கு. நீ எப்பக்கா பயந்த?"

"நீ அங்க வேல பாக்குறவன். தம்பி சொன்னான், அதான் வரலன்னா ஒன்ன சும்மா விடுவாங்களா?" என்றாள். பிறகு முதல்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "அதோட நான் ஒண்ணும் பொய் சொல்லல. பயந்தது நெசந்தான். நீ பயந்த. நான் எம்பேர்ல சொல்லிவச்சேன், அவ்வளவுதான்."

எங்கள் நம்பர் வந்தது. அவள் எழுந்து, காதிலிருந்த பஞ்சை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.